கடல் ஏறும்போது அளந்த ஆழம்

அந்தத் துறைமுகத்தை ஒரு தனியார் கம்பெனியும் அரசாங்கமும் கூட்டாக நடத்தின. வருமானத்தில் அரசாங்கத்துக்குப் பங்கு உண்டு. கம்பெனியைக் கண்காணிக்கும் ஆணையமும் அரசாங்கத்துடையதே. மாமனாரே நீதிபதியாக உட்கார்ந்து மாப்பிள்ளையின் வழக்கை விசாரிப்பதுபோல வேலை சுமுகமாக நடந்தது.

கப்பல் வரும் கால்வாயின் ஆழத்தை அளந்து சான்று கொடுப்பது ஆணையத்து ஆய்வாளரின் பொறுப்பு. ஆணையத்துக்குச் சொந்தப் படகு கிடையாது. கம்பெனிப் படகில், கம்பெனிக் கருவியால், கம்பெனி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அளப்பார். படகு எப்போதும் கடல் ஏறி நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில்தான் வரும். நீர் இறங்கிய நேரத்தில் கேட்டால் எஞ்சின் பழுது என்பார்கள். நியாயப்படி ஏறிய நீரைக் கழித்துத்தான் ஆழத்தை எழுத வேண்டும். கம்பெனி மேலாளருக்குக் கழித்தலில் நம்பிக்கை இல்லை. ஆய்வாளரும் ஊரோடு ஒத்து வாழ்கிறவர்.

இந்த முறையும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், தங்கையின் கணவர் உட்கார்ந்திருந்தார். கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் அவர். மறுநாள் அமைச்சர் முன்னிலையில் இதுவரை வராத பெரிய கப்பலைக் கொண்டுவரப் போகிறாராம். அமைச்சருக்கு ஒழிந்த நேரத்தில் கடல் இறங்கியிருக்குமே என்று ஆய்வாளர் மெல்ல இழுத்தார். சான்றில்தான் ஆழம் தாராளமாக இருக்கிறதே என்று பைலட் சிரித்தார்.

கப்பல் தரை தட்டினால் பழி பைலட் தலையில்தான் விழும். தங்கை நடுத்தெருவுக்கு வந்துவிடுவாள்.

"மாப்ள, நாளைக்கு உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுடுங்க."

ஏன் என்று பைலட் கேட்டார். ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"நான் போகலன்னா இன்னொருத்தன் போவான் மச்சான். அவனுக்கு இப்படிச் சொல்ல யாரு இருக்கா?"

ஆய்வாளருக்குச் சுருக்கென்று தைத்தது. காலையில் முதல் வேலையாகச் சான்றை ரத்து செய்தார். கப்பல் வெளியே கடலிலேயே நின்றது. அமைச்சர் வெயிலில் வெந்து திரும்பிப் போனார்.

அதுவரை தூங்கிய ஆணையம் அன்றே விழித்துக்கொண்டது. விசாரணையில் ஆழத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தங்கை கணவர் பைலட் என்பதை ஏன் மறைத்தீர் என்று துருவினார்கள். சொந்தபந்தத்தால் அவருடைய நடுநிலை கெட்டுவிட்டதாம். அவரைத் தபால் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். கையோடு ஒரு புது விதியும் வந்தது: ஆழத்தை அளப்பவருக்குக் கப்பலில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவரும் இருக்கக் கூடாது.

அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து நியமித்தும்விட்டார்கள். அவரும் கம்பெனிப் படகில், கடல் ஏறிய நேரத்தில் அளந்து கையெழுத்துப் போட்ட கால்வாயில் அடுத்த பெரிய கப்பலைக் கொண்டுவரும் முறை அதே பைலட் மாப்பிள்ளையுடையது.