கச்சுவாவைத் தின்ற ஆறு

வங்காளத்துச் சந்திரத்வீப ராஜ்யத்தின் தலைநகரான கச்சுவாவைத் தெந்துலியா ஆறு மூன்று மழைக்காலமாகத் தின்றுகொண்டிருந்தது. யானைக்கொட்டில் போனது, உப்புச்சந்தை போனது. மாதவ்பாஷா என்ற ஊருக்குக் குடிபெயர ராஜா முடிவு செய்ததும், ஊரிலிருந்த பெரிய படகுகளையெல்லாம் அரண்மனை பிடித்துக்கொண்டது. படகோட்டி கதாதரின் படகும் அவற்றில் ஒன்று.

அன்று காலை ராஜாவின் தேக்குக் கட்டிலை அதில் ஏற்றி முடித்திருந்தார்கள். கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் அவன் மனைவி நிஸ்தாரிணி சேறும் சகதியுமாக ஓடிவந்தாள்.

"நம்ம தெருவுல தரை பொளந்துருச்சு. எண்ணெய்க்காரர் செக்குக்கொட்டாய் பாதி ஆத்துக்குள்ள."

"ஜனங்க?"

"எங்க போவாங்க? பின்னாடி பூரா வெள்ளம். உன் படகு வரும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

 கதாதர் அரண்மனைக் காரியக்காரர் ராம்ஜீவனிடம் போய்க் கைகூப்பினான். "ஒரே நடைங்கய்யா. போயிட்டு வந்துர்றேன்."

"கட்டிலை இறக்கிட்டா? ராஜா தரையிலயா படுப்பாரு?"

"ஒரு நாள் படுத்தா ஒண்ணும் ஆயிராதுங்க. நாங்க பொறந்ததுலேர்ந்து படுக்கிறோம்" என்றாள் நிஸ்தாரிணி.

ராம்ஜீவன் பிரம்பை ஓங்கினார். "படகை எடுத்தே, அது அப்புறம் உன்னுதில்ல!"

கதாதர் கெஞ்சிக்கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் படகில் தாவி, மனைவி ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாகக் கட்டிலைச் சேற்றில் கவிழ்த்துவிட்டுத் துடுப்பைப் போட்டான்.

படகு போய்ச் சேர்ந்ததும் தெருவில் இருந்தவர்களெல்லாம் ஏறிவிட்டார்கள். எண்ணெய்க்காரர் தீனநாத் மட்டும் செக்குமாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"மாட்டை விடுங்கண்ணே! ஏறுங்க!" என்று கத்தினான் கதாதர்.

"பதினோரு வருசமா எனக்குச் சோறு போட்டதுடா. இதையும் ஏத்து."

"படகு தாங்காதுண்ணே!"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். கரை பொதுக்கென்று உள்வாங்கியது. மனிதரும் இல்லை, மாடும் இல்லை. செம்மண் நுரை மட்டும் சுழன்றது. படகிலிருந்த அவர் மனைவி பார்வதி நீட்டிய கையை மடக்கவேயில்லை.

மாதவ்பாஷா துறையில் காவலர்கள் காத்திருந்து படகைப் பறித்துக்கொண்டார்கள். ஈர வயலில் எல்லோரும் பொரியைப் பங்கிட்டுத் தின்றபோது பார்வதி கேட்டாள்:

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா, ரெண்டாவது நடையில மாட்டையும் ஏத்தியிருக்கலாம், இல்லப்பா?"

ராம்ஜீவனிடம் கெஞ்சி நின்ற நேரம் கதாதரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. 

மறுநாள் அரண்மனைச் சாமான் ஏற்ற ஆள் கூப்பிட்டார்கள். கதாதர் தன் படகிலேயே கூலித் துடுப்புக்காரனாக ஏறினான். பார்வதியும் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். புருஷனின் உடலாவது தென்படுமா என்று வழியெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். கச்சுவா நெருங்கியதும், மற்றவர்கள் வேண்டாமென்று கத்தக் கத்த, தீனநாத் மூழ்கிய இடத்துக்கு, இடியும் கரையை ஒட்டியே கதாதர் படகைச் செலுத்தினான்.