கழுத்து முதல் கணுக்கால் வரை

எங்கள் கடையில் குளியலறைச் சாமான்கள் விற்கிறோம். குழாய், ஷவர், கை கழுவும் தொட்டி, ஆள் படுத்துக் குளிக்கும் தொட்டி எல்லாம் உண்டு. உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு படம். நுரைக்குள் உட்கார்ந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். நுரையைத் தவிர அவள் மேல் பொட்டுத் துணி கிடையாது. அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்காரும் வரவேற்புப் பெண் கையில்லாத சட்டை போட்டு வந்ததுதான் எங்கள் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பேர் கஞ்சி. அவருடைய சட்டைக்கு அவ்வளவு கஞ்சி. அவர் உட்கார்ந்தாலும் சட்டை நின்றுகொண்டிருக்கும். வரவேற்புப் பெண்ணுக்குச் சிட்டு என்று பேர் வைத்ததும் நான்தான். பல வருஷமாக பில் போடும் மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

சிட்டு வந்த பிறகுதான் கடைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து நிதானமாக விலை கேட்கிறார்கள். கெட்டிக்காரி. அவளை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதத்தில் கஞ்சி அந்த வாரம் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் உடைக்காக ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தாள். மூன்றாவதும் வந்தால் கடிதம் கிடையாது, வேலையும் கிடையாது. பாவம், அவள் பயந்துபோயிருந்தாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

"வர்றவங்க கவனம் குழாய் மேல இருக்கணும்மா" என்றார் கஞ்சி.

"அப்ப மேல இருக்கிற படம் சார்?" என்று நான் கேட்டேன்.

"அது கம்பெனி அனுப்புனது. அதுல கலை இருக்கு."

கலை எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நுரைக்குள் இருக்கும்.

கண்ணியமான உடைக்கு விதி எழுத ஒரு குழு போட்டார். அவர், நான், ஃபிட்டர் அண்ணன். நான் எதற்கென்றால், தினமும் சேலை கட்டி வருகிறவளாம், அடக்கம் என்றால் என்னவென்று எனக்குத்தான் தெரியுமாம். ஃபிட்டர் அண்ணன் எதற்கென்றால், அந்த நேரம் பார்த்து ஸ்பானரோடு அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"ஊழியர்கள் கண்ணியமாக உடுத்த வேண்டும்" என்று கஞ்சி எழுதினார்.

"கண்ணியம்னா எத்தனை இஞ்ச் சார்?" என்று அண்ணன் கேட்டார். கிண்டல் இல்லை. அளவு சொல்லாத எதுவும் அவர் மண்டையில் ஏறாது.

கஞ்சிக்குப் பொறி தட்டிவிட்டது. இத்தனை வருஷம் குழாய்க்கு அளவு எழுதிய மாதிரியே உடைக்கும் எழுதிவிட்டால் என்ன? எழுதினார். கழுத்து முதல் கணுக்கால் வரை, கைகள் மணிக்கட்டு வரை, தோல் எங்கும் தெரியக் கூடாது. ஊழியர் அனைவருக்கும் பொருந்தும்.

"சும்மா நிக்கிறப்ப எந்தக் குழாயும் ஒழுகாது சார். தண்ணிய வேகமா விட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் அண்ணன்.

அதையும் சேர்த்தார். குனிய வேண்டும், உட்கார வேண்டும், மேல் தட்டில் இருக்கும் விலைப்பட்டியலை எட்டி எடுக்க வேண்டும். எங்காவது கசிவு தெரிந்தால் எச்சரிக்கை. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தும்மல் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் சிட்டு, கழுத்தை மூடி மணிக்கட்டு வரை கை வைத்த குர்தாவும் பேன்ட்டுமாக வந்தாள். அந்தப் புழுக்கத்தில் அவளைப் பார்க்கவே எனக்கு மூச்சு முட்டியது. ஷவர் வாங்க வந்திருந்த ஒரு கணவன் மனைவி முன்னாலேயே கஞ்சி அவளைக் குனியச் சொன்னார். குனிந்தாள். எட்டி எடுக்கச் சொன்னார். எடுத்தாள். எல்லாம் சரி. நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் பேன்ட் மேலேறி, கணுக்காலுக்கு மேல் ஒரு விரற்கடை தெரிந்தது.

"கசிவு" என்றார் கஞ்சி.

"இப்பல்லாம் பேன்ட்டே இவ்வளவு நீளம்தான் சார் வருது. இதுதான் ஃபேஷன்."

"துணியக் குறைச்சு விலைய ஏத்துறதுதானே உங்க ஃபேஷன்" என்று சொல்லிக்கொண்டே எச்சரிக்கைத் தாளைத் தேடினார். சிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விதி எல்லாருக்கும்தானே சார்? நானும் டெஸ்ட் குடுத்துடறேன்" என்று எழுந்து போய், மேல் தட்டு விலைப்பட்டியலை எட்டினேன். தினமும் எட்டி எடுப்பதுதான். இரண்டு பிள்ளை பெற்ற இடுப்பு, தன் மடிப்புகளோடு, ஃபேன் காற்றில் பளிச்சென்று வெளியே வந்தது.

கஞ்சி விட்டத்தைப் பார்த்தார். "போதும்மா, கைய எறக்குங்க."

"கசிவு இருக்கா சார்?"

"சேலை வேறம்மா."

"விதியில அப்படி இல்லையே சார்."

இதற்குள் ஃபிட்டர் அண்ணன், தன் முறை வந்துவிட்டதாக நினைத்து, கை கழுவும் தொட்டிக்கு அடியில் ஸ்பானரோடு குனிந்துவிட்டார். அவர் குனிந்தால் பேன்ட் என்ன ஆகும் என்பது கடைக்கே தெரியும். அன்றைக்கு வாடிக்கையாளருக்கும் தெரிந்தது. அந்த அம்மா சட்டென்று ஷவரை ஆராய ஆரம்பித்தார்.

"அண்ணனுக்கும் ஒண்ணு எழுதுங்க சார்" என்றேன்.

இப்படியே எச்சரிக்கை எழுதி மூன்று பேரையும் அனுப்பிவிட்டால் கடையில் மிஞ்சுவது கஞ்சியும் படத்துப் பெண்ணும்தான். யோசித்தார். எச்சரிக்கைத் தாளை ஓரமாக வைத்துவிட்டு விதிக்கு அடியில் எழுதினார். குனிந்து வேலை செய்பவருக்கு விலக்கு. சேலைக்கும் விலக்கு, ஏனென்றால் சேலை தன்னளவிலேயே அடக்கமானது.

"உனக்குக் கடைசி வாய்ப்பு" என்று சிட்டுவிடம் சொன்னார். "நாளைக்குச் சேலை கட்டிட்டு வா. கையெழுத்துப் போட்டுடறேன்."

"சேலைன்னா சரிதானா சார்?"

"சேலைன்னா பேச்சே இல்ல."

அவர் போனதும் சிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, எங்கிட்ட ஒரே ஒரு சேலைதான் இருக்கு. ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு எடுத்தது."

"அதையே கட்டிட்டு வாடி" என்றேன். மேற்கொண்டு எதுவும் விசாரிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் சிட்டு கரும்பச்சைச் சேலையில் வந்து நின்றாள். கொசுவம் சீராக, முந்தானை மடித்துப் பின் குத்தி, தலை குனிந்து. கஞ்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எல்லோரையும் கூப்பிட்டார்.

"நல்லாப் பாத்துக்கங்க. இதுதான் அடக்கம். இந்த வயசுல இந்தப் பொண்ணுக்கு இருக்கிறது சில பெரியவங்களுக்கு இல்ல" என்று என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எல்லோர் முன்னாலும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொண்டு, சிட்டு தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

ரவிக்கைக்கு முதுகே இல்லை. கழுத்தில் ஒரு கயிறு, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு கயிறு, நடுவில் மொத்தமும் சிட்டுதான். மடித்துக் குத்திய முந்தானை ஒரு தோளோடு ஒதுங்கிக்கொண்டது.

கஞ்சி பேனாவை மூட மறந்து நின்றார். கடிதத்தைத் திருப்பிக் கேட்க வாய் திறந்தார்.

"சேலைதானே சார்?" என்றேன்.

எதிரில் இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சேலைதான்" என்றார்.