கிறகோரி கீறிய மயிலிட்டிக் கடல்

வலை பின்னிய கைக்குத் தூரிகை பிடிபடாது என்று யார் சொல்லியிருந்தாலும் கிறகோரி கேட்டிருக்கமாட்டார். பிடித்த பிடியை விடாத மனிதர். மயிலிட்டியில் இருந்த காலத்தில் தோணிகளுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தவர் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, தலை நரைத்தபிறகு எண்ணெய் வர்ணத்தில் படம் கீறப் பழகத் துணிந்தார்.

எல்லாம் மனைவி கத்தரீனாவுக்காகத்தான். எண்பத்தாறில் அவர்களுடைய ஒரே மகன் அன்ரன் கடலுக்குப் போனான். தோணி மட்டும் திரும்பி வந்தது. உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. ஆத்துமாக்கள் திருநாளில் ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். இவள் மட்டும் கடற்கரையில் கொளுத்திவிட்டு வருவாள். தொண்ணூறில் சண்டை மூண்டு, ஆமி மயிலிட்டியை வளைத்து ஊர்ச்சனத்தை வெளியேற்ற, இருவரும் கோப்பாயில் ஒரு தோட்டக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள். கிட்ட உள்ள குருநகர்க் கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிறகோரி சொல்லிப் பார்த்தார். "அது பிள்ளை போன கடல் இல்லை" என்றுவிட்டாள். அப்படியானால் அந்தக் கடலையே கொண்டுவந்து தருகிறேன் என்று இறங்கினார் மனிதர். பாவம்.

கனடாவுக்குப் போன ஒரு சித்திர வாத்தியார் விட்டுப்போன வர்ணக் குழாய்களும், படங்கள் நிறைந்த ஒரு வெள்ளைக்காரப் புத்தகமும் கிடைத்தன. வர்ணத்தில் ஆளிவிதை எண்ணெய் கலக்கவேண்டுமாம். அரசாங்கம் மண்ணெண்ணெய்க்கே தடை போட்டிருந்த காலத்தில் ஆளிவிதை எண்ணெய்க்கு எங்கே போவது? எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் குழைத்தார்.

எங்கள் மயிலிட்டிக் கரையோ தட்டைக் கரை. எத்தனை தரம் கீறியும் நீலம் பூசிய மதிலாகவே வந்தது. புத்தகத்தில் ஒரு கடற்கரை இருந்தது. கரிய மலைப்பாறை, மேகத்துக்குள் நிலா, சீறி எழும் அலை. பார்த்தாலே நெஞ்சு பதறும். அந்தப் பாறையையும் நிலாவையும் அப்படியே பார்த்துப் போட்டதும் கடலுக்கு ஆழம் வந்துவிட்டது. காய்ந்தபின் பாறையை மறைத்துக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டார்.

திருநாளன்று படத்தைக் கொட்டிலின் மண்சுவரில் சாத்தி வைத்தார்.

"உதென்ன மலை?" என்றாள் கத்தரீனா. "எங்கடை கரையிலை ஏது மலை?"

"காயட்டும். காய்ஞ்சாப்போலை மேலை மணலைப் பூசிவிடுறன்."

அவள் அதன் முன்னால் மெழுகுதிரியை ஏற்றினாள்.

படம் காயவில்லை. மாரி போய், கோடை வந்து, தோட்டத்தில் புகையிலை வெட்டி முடிந்தும் காயவில்லை. நல்லெண்ணெய் என்றைக்குக் காய்ந்தது? பூசிய மணல் நிறம் வழுக்கிக்கொண்டு வந்தது. சுரண்டிப் பார்த்தார், பாறையின் கறுப்பு கடலெல்லாம் பரவியது. வேறு வழியில்லாமல் பாறையையே திரும்பவும் திருத்தி வைத்தார். கத்தரீனா நாள்தோறும் அதற்கு முன்னால் இருந்து செபமாலை சொன்னாள்.

அடுத்த திருநாள் நெருங்கியபோது கிறகோரி கோதுமை மாச்சாக்கு ஒன்றைக் கிழித்துப் புதிதாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். குழாய்களில் மிஞ்சிக் கிடந்ததைப் பிதுக்கி எடுத்தார்.

"இந்தமுறை புத்தகம் வேண்டாம். நீ கண்ணை மூடிக்கொண்டு சொல்லு, நான் கீறுறன். பிள்ளையின்ரை தோணி இறங்கின இடம் எப்பிடி இருந்தது?"

கத்தரீனா கண்ணை மூடினாள். நெற்றி சுருங்கியது.

"என்னப்பா?" என்றார்.

"மலைதான் வருகுது. மலையும் நிலவும். எங்கடை கரை எனக்கு வருகுதில்லை."

என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் கிறகோரிக்கு விளங்கியது. ஆமியால் எடுக்கமுடியாமல் அவளிடம் மிஞ்சியிருந்த அந்தக் கரையைத் தன் கையாலேயே அழித்துவிட்டார். எழுந்துபோய்ப் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். காயாத கறுப்பு விரலெல்லாம் ஒட்டியது.

கத்தரீனா கண்ணைத் திறந்து பார்த்தாள். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"திருப்பி வையுங்கோ" என்றாள். "பிள்ளை இப்ப அதுக்குள்ளைதான் கிடக்கிறான்."