ஓட்டின் மேல் ஒரு வெள்ளை

சகாயராஜுக்கு வீம்பு அதிகம். அவர் மனைவி விஜயராணியைக் கேட்டால், வீம்பைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை என்பாள். மகள் அமலி, கூட வேலை பார்த்த அவிநாசிப் பையன் நிதிஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாலையும் கழுத்துமாக அருள்புரத்து வீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். "இனி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொன்னவர், அன்றோடு அவள் பேரைச் சொல்வதையும் விட்டுவிட்டார். வேறு சாதி, வேறு சாமி, கேட்காமல் செய்தது என்று அவர் பக்கம் ஆயிரம் நியாயம் இருந்தது. அவளுடைய துணிமணி, புத்தகம், ஸ்கூட்டி எல்லாவற்றையும் ஆள் வைத்துக் கொடுத்தனுப்பினார். ஆமையை மட்டும் அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

ஆமையின் பெயர் பட்டாணி. அமலி பள்ளிக்கூடத்தில் படித்தபோது பொருட்காட்சியில் அடம்பிடித்து வாங்கியது. காதோரம் சிவப்புக் கோடு போட்ட சைனா ஆமை. வாங்கும்போது பிஸ்கட் அளவுதான் இருந்தது. இப்போது சோற்றுத் தட்டளவுக்கு வளர்ந்து ஹாலில் கண்ணாடித் தொட்டி முழுக்கத் தனக்கே என்று நீந்திக்கொண்டிருந்தது. வாடகை வீட்டின் சொந்தக்காரம்மா பழனியம்மாள் தண்ணி மோட்டார் போட வரும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார். "ஆமை பூந்த ஊடு உருப்படாதும்பாங்க. நீங்க என்னடான்னா தொட்டி கட்டி வெச்சுச் சோறு போடறீங்க" என்பார்.

"அது பூரலீங்க. நாங்கதான தூக்கிட்டு வந்தோம்" என்பார் சகாயராஜ்.

சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். அவர் நிழல் பட்டதுமே பட்டாணி கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணாடியை முட்டும். கீரையும் தீனிக் குச்சியும் ஒவ்வொன்றாகப் போடுவார். மகள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்று அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவருக்குத் தோன்றும். அதற்காகவே அவர் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த நாட்கள் உண்டு.

கார்த்திகை மழை பிடித்தது. வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. பட்டாணி தீனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. தொட்டிக்குள் கிடந்த கல்லின் மேல் ஏறி உட்கார்ந்ததுதான், இறங்கவே இல்லை. "மழைக்கு மந்தமா இருக்கும். நமக்கே எந்திரிக்க முடியல" என்று அவர் சொல்லிக்கொண்டார்.

பிறகு ஓட்டின் மேல் வெள்ளை தெரிந்தது. முதுகில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே, சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல.

அருள்புரத்தில் போர் தண்ணீர் பிடித்து வைக்கிற யாரைக் கேட்டாலும் அந்த வெள்ளையை உப்பு என்றுதான் சொல்வார்கள். வாளி விளிம்பு வெள்ளை, குழாய் வாய் வெள்ளை, வெந்நீர்ப் பானையின் அடியில் பாளம் பாளமாக வெள்ளை. அதிலும் சகாயராஜ் தூத்துக்குடி உப்பளத்துப் பிள்ளை. உப்பைப் பற்றி அவருக்கு ஒருவர் சொல்லித் தரவும் வேண்டுமா? தொட்டித் தண்ணீர் காய்ந்து உப்புப் பூத்திருக்கிறது என்று அவராகவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எலுமிச்சம் பழத்தை அறுத்துத் தேய்த்தார். போகவில்லை.

போகவில்லை என்பதுதான் வினையாகப் போயிற்று. ஏனென்றால் அவர் வேலையே கறை எடுப்பது. பனியன் கம்பெனியில் தைத்து முடித்து வந்த உருப்படியில் மெஷின் எண்ணெயோ கைச் சுவடோ இருந்தால் அது அவர் மேஜைக்குத்தான் வரும். ஸ்ப்ரே கன்னில் கெமிக்கலை அடித்து, அடியில் வேஸ்ட் துணியை வைத்து ஒற்றி எடுத்தால், கறை இருந்த இடம் தையற்காரனுக்கே தெரியாது. சூப்பர்வைசர் சென்னிமலைகூட, "சகாயண்ணன் கைல போகாத கறை இல்லீங்க" என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்ட கைக்கு ஆமை ஓட்டின் வெள்ளை அடங்காமல் இருந்தால் சும்மா இருக்குமா? ஒரு சின்ன பாட்டிலில் அந்தக் கறை எடுக்கும் கெமிக்கலைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டு ஓட்டில் தேய்த்தார். பட்டாணி தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு விளிம்பு பொருக்குப் போலப் பெயர்ந்து வந்தது. அடியில் உப்பு இல்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, என்னவோ வாடை அடித்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். விஜயராணியிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று கெட்டது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. தண்ணீரில் விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. மூக்கில் நுரை கட்டியது. விஜயராணி தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது மந்தம் இல்ல. வாயத் தொறந்து மூச்சு விடுது பாருங்க. எங்கப்பாவுக்குக் கடைசில இப்படித்தான் இழுத்துச்சு."

"என்ன செய்யச் சொல்லுத?"

"அமலிக்குத்தான் தெரியும். முன்ன ஒருக்க சளி பிடிச்சப்ப கோயம்புத்தூர்ல யார்ட்டயோ கொண்டு போனாள்ல."

அந்த வீட்டில் வெகுகாலத்துக்குப் பிறகு அந்தப் பேர் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. சகாயராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப நீ கேளு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நீ யார்ட்ட பேசுதன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

விஜயராணி திடுக்கிடவில்லை. "தெரியும்னா ரொம்ப நல்லதாப் போச்சு. நான் கேட்க மாட்டேன். உங்க ஆமை, உங்க மக. நீங்க கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் கேட்கவில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டாணியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். சினை மாட்டுக்கும் கால் ஒடிந்த ஆட்டுக்கும் நடுவே பெட்டியோடு நின்றார். டாக்டர் அர்த்தநாரி பொறுமையான மனிதர். ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மாடு கன்னு பாக்கறவனுங்க. ஆமை வைத்தியம் எனக்கு அவ்வளவாத் தெரியாது. ஆனா இது உப்பு இல்லீங்க, ஓடு அழுகுது. மூக்குல நுரை வருது, ஒரு பக்கமாச் சாயுது. நெஞ்சுல சளி கட்டியிருக்கோணும். மருந்து கிருந்து ஏதாச்சும் போட்டீங்களா?"

"இல்லீங்க" என்றார் சகாயராஜ். நாக்கு தானாகவே பொய் சொல்லியது.

"தண்ணிக்குள்ள விடாதீங்க. காஞ்ச துணில சூடா வையுங்க. கோயமுத்தூர்ல இதுக்குன்னே பாக்கறவங்க இருப்பாங்க. இன்னைக்கே போயிடுங்க சாமி, நாளைக்குன்னு தள்ளாதீங்க."

கோயம்புத்தூரில் யார், எந்தத் தெரு? அது தெரிந்த ஒரே ஆளின் எண் அவர் போனில் அழிக்கப்படாமல் இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரோரம் பெட்டியை இறக்கி வைத்தார். பெட்டிக்குள்ளிருந்து விசில் மாதிரி மூச்சுச் சத்தம் கேட்டது. வீம்பா இதுவா என்று யோசிக்க அந்தச் சத்தம் இடம் கொடுக்கவில்லை. எண்ணை அழுத்தினார்.

"அப்பா?" என்றாள் அமலி. நம்பாத குரல்.

"பட்டாணிக்கு முடியல."

"என்ன பண்ணுது?" என்றாள்.

"திங்க மாட்டேங்குது. கண்ணு ரெண்டும் மூடிட்டு."

"சாஞ்சு மிதக்குதா? வாயத் தொறந்து மூச்சு விடுதா?"

"ஆமா."

"தொட்டி மேல லைட் எரியுதாப்பா? அது குளிர்காயத்தான வெச்சிருந்தேன்."

"ஃப்யூஸ் போயிட்டு."

"எப்போ?"

"நீ போன பிறகு."

"ஓடு எப்படி இருக்கு?" என்றாள்.

"வெள்ளையா இருந்தது. உப்புன்னு நெனைச்சேன்." டாக்டரிடம் வந்த பொய் மகளிடம் வரவில்லை. "கம்பெனில கறை எடுக்கிற கெமிக்கலப் போட்டுத் தேய்ச்சுட்டேன், அமலி."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவர் வாயிலிருந்து வந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவளோ, "சரிப்பா. அத அங்க மறைக்காம சொல்லிருங்க" என்றாள். "வெந்நி பாட்டிலத் துணில சுத்திப் பெட்டிக்குள்ள வையுங்க. பல்லடம் வழியா பஸ் ஏறிடுங்க. எடம் போன்ல அனுப்பறேன். நான் நேரா அங்க வந்துடறேன்."

பெட்டியோடு வீட்டுக்கு வந்து விஜயராணியையும் வரச் சொன்னார். வர மறுத்துவிட்டாள். "நான் வந்தா நீங்க என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவீங்க. தனியாப் போங்க" என்று சொல்லி வெந்நீர் பாட்டிலை மட்டும் நிரப்பிக் கொடுத்தாள்.

கோயம்புத்தூரில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் அமலி காத்துக்கொண்டிருந்தாள். முகம் பார்க்காமல் பெட்டியை வாங்கி, மூடியில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே இளம் பெண் டாக்டர் ஒருத்தர் எக்ஸ்ரே எடுத்தார். கேட்பதற்கு முன்னாலேயே சகாயராஜ் கெமிக்கல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஊசி போட்டு, பட்டாணியைச் சூடான பெட்டி ஒன்றில் வைத்தார்கள். "பார்க்கலாம், சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அப்பனும் மகளும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள்.

"தக்காளி போட்டீங்களாப்பா? அதுக்குப் பிடிக்கும்."

"போட்டேன். துப்பிட்டு."

"போன மாசம்லாம் நல்லா இருந்துச்சா?"

"என் நெழலப் பார்த்தாலே ஓடி வரும்."

"என்னையும் பார்த்து அப்படித்தான் வரும்" என்றாள். கை நீட்டினால் அவள் தோளைத் தொட்டுவிடலாம். நீட்டவில்லை.

டாக்டர் உள்ளே கூப்பிட்டபோது பட்டாணியின் கழுத்து வெளியே நீண்டு துவண்டு கிடந்தது. ஆமையின் இதயம் மெதுவாகத்தான் துடிக்கும், அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது என்று சொல்லி, டாக்டர் ஒரு கருவியை அதன் கழுத்தோரம் வைத்து வெகுநேரம் கேட்டார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பிறகு கருவியை மடக்கினார்.

"நான் தேய்ச்சதாலயா?" என்று கேட்டார் சகாயராஜ்.

டாக்டர் மழுப்பவில்லை. "நுரையீரல்ல சளி கட்டி ரொம்ப நாளாச்சுங்க. நீங்க போட்டது புண்ணை அதிகமாக்கிருக்கும். ரெண்டும் சேர்ந்துதான். மொதல்ல சாப்பிடாம இருந்தப்பவே வந்திருந்தா வழி இருந்திருக்கும்."

மொதல்ல என்றால், அன்றைக்கே இவளைக் கூப்பிட்டிருந்தால். அவருக்கு அது நன்றாகப் புரிந்தது. நாலு பேர் பார்க்கிற இடம் என்று பாராமல் சகாயராஜ் அழுதார். அமலி பக்கத்தில் வந்து நின்று, பட்டாணியை வைத்து அவர் கையில் கொடுத்த அட்டைப்பெட்டியை இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தார்கள். இனிப் பேசுவதற்குப் பட்டாணியும் இல்லை. எங்கே கொண்டு போவது என்று அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அருள்புரத்து வீட்டைச் சுற்றி ஒரு பிடி மண் கிடையாது. வாசலும் சிமெண்டு, பின்பக்கமும் சிமெண்டு. குப்பை வண்டியில் போடவா முடியும்?

"எங்க வீட்டுக்குப் பின்னாடி மண்ணு இருக்குப்பா" என்றாள் அமலி, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க வர்றதா இருந்தா."

அவர் பெட்டியோடு ரோட்டோரம் நின்ற அவர்கள் காரைப் பார்த்து நடந்தார். அதற்குப் பக்கத்தில் நிதிஷ் நின்றுகொண்டிருந்தான். வந்ததிலிருந்து உள்ளே வரப் பயந்து அங்கேயே நின்றிருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பின்கதவைத் திறந்து விட்டான். சகாயராஜ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். கார் அவிநாசிக்குப் போய் நின்றது.

வாடகை வீடுதான், சின்னது. வாசலில் சகாயராஜின் கால் ஒரு கணம் தயங்கியது. இந்தப் பெண்ணைப் பார்த்து வாசப்படி மிதிக்காதே என்று சொன்ன வாய் அவருடையது. அவளோ கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

கொல்லையில் ஒரு முருங்கையும் ஈர மண்ணும் இருந்தன. நிதிஷ் எங்கிருந்தோ மண்வெட்டி கொண்டு வந்து, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தோண்டினான். மண்வெட்டி பிடித்துப் பழகாத கை. முழங்கை ஆழம் போனதும் நிறுத்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் குழியைப் பார்த்தே கேட்டான்:

"போதுங்களா?"

சகாயராஜ் குனிந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுங்க மாப்ள" என்றார். "நாய் கெளறிரும்."

பின்கட்டுப் படியில் நின்ற அமலி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிதிஷ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தோண்ட ஆரம்பித்தான்.