ஜஹானாராவின் பையில் ஒரு வீட்டின் பாரம்

சென்ற ஐப்பசியில் மேனாம்பேட்டு வேம்புலியம்மாள் வீட்டின் எடை முழுவதும் இன்ஜினியர் ஜஹானாராவின் தோள்பைக்குள் போய்விட்டது. வீடு இடுப்பளவு உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றது. பை அவளுக்கு வழக்கம்போலத்தான் கனத்தது.

அந்தத் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போக, வேம்புலியம்மாள் வீடு பள்ளத்தில் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே புகுந்துவிட, அவள் கட்டில்மேல் அடுப்பை ஏற்றி வைத்துத்தான் சமைப்பாள். இந்த வருஷம் மகள் காவ்யா தலைப்பிரசவத்துக்கு வர வேண்டும். தண்ணி பூருகிற வீட்டுக்கு மாசமான பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று முத்தாபுதுப்பேட்டைச் சம்பந்திகள் சொல்லிவிட்டார்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு வேம்புலியம்மாள் போன் செய்தாள். முதலாளி ரவிச்சந்திரன், பூந்தமல்லியிலிருந்து வேலைக்கு வரும் ஜஹானாராவை அனுப்பிவைத்தார். அவள் தனியாகப் போன முதல் வேலை அது.

ஜஹானாரா பையிலிருந்து ரசமட்டத்தையும் டேப்பையும் டார்ச்சையும் எடுத்துச் சுவர் சுவராகப் பார்த்தாள். மண் சாந்தில் கட்டிய சுவர், ஜாக்கி வைத்தால் பிளந்துவிடும். முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் பிறக்கப்போகும் குழந்தைக்கென்று பழைய வாயில் புடவைகளைத் துவைத்து, கொடியில் வரிசையாகக் காயப்போட்டிருந்தாள் அந்த அம்மாள். ஜஹானாரா டேப்பை மறுபடி இழுத்து, அளந்த சுவரையே இன்னொரு தடவை அளந்தாள்.

"மனசே பாரமா கீதும்மா. என் பொண்ணு இந்த ஊட்டுக்கு வருவாளா மாட்டாளா, அத்த மட்டும் சொல்லு."

"உங்க பாரத்த என்கிட்ட வுட்டுடுங்கம்மா," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, எடுத்ததையெல்லாம் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள் ஜஹானாரா. வீடு அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். இருவர் காலுக்கும் கீழே தரை மெதுவாக மேலே வந்தது. கரண்டு கம்பி தொங்கலாக இருந்ததால் அறுபடவில்லை.

"யக்கா, ஊடு எங்க போவுது?" என்று வெளியே கத்திய டில்லிபாபு தண்ணி லாரி ஓட்டுகிறவன். கேட்ட கையோடு கயிறு கொண்டுவந்து ஜன்னல் கம்பியைத் தன் லாரியோடு சேர்த்துக் கட்டினான். ரவிச்சந்திரனுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர், "பையத் தொறந்துடாதம்மா. கொத்தனாரு எத்தினி பேரு வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டின் அடியில் புது அஸ்திவாரம் எழும்பிக் காயும் வரை பை திறக்கப்படவில்லை. மடிக்கணினி, சார்ஜர், அடையாள அட்டை, அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. ஆகவே ஜஹானாரா தெருக்காரர்களின் டேப்பால் அளந்தாள், தெருக்காரர்களின் சோற்றைச் சாப்பிட்டாள். ஒரு வீட்டில் வஞ்சிரக் குழம்பு, மறுநாள் இன்னொரு வீட்டில் வெண்டைக்காய்ப் பொரியல். இப்படி ஒரு வேலையிடம் யாருக்குக் கிடைக்கும் என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. சாயங்காலம் பஸ்ஸில்தான் கொஞ்சம் சங்கடம். அவள் உட்கார்ந்த பக்கம் வண்டி சாய்ந்தது.

"பையில இன்னாம்மா கீது?" என்றார் கண்டக்டர்.

"ஒரு வீடுண்ணே."

அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்துக் கொடுத்தார்.

அஸ்திவாரம் இறுகியதும் தெருவே கூடி நிற்க, ஜஹானாரா ஜிப்பைப் பல் பல்லாகத் திறந்தாள். ஒவ்வொரு பல்லுக்கும் வீடு ஒரு நூல் அளவு இறங்கியது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. கெட்டுப்போனது எலுமிச்சைச் சோறு மட்டும்தான். ஆனால் கடைசி ஓரத்தில் ஜிப் சிக்கிக்கொண்டது. மெழுகு தேய்த்துப் பார்த்தார்கள், குறடு வைத்து இழுத்தார்கள், அசையவில்லை. கொஞ்சம் எடை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. காற்று அடித்தால் வீடு இலேசாக ஆடியது.

ஜஹானாரா குறடைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினாள். "வீடு ஆடக் கூடாதும்மா. பையக் கிழிச்சாவது எடுத்துடறேன்."

வேம்புலியம்மாள் நடுக்கூடத்தில் கண்ணை மூடி நின்று அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் அனுபவித்தாள். "வுடும்மா. நல்லாத்தான் கீது."

கார்த்திகையில் மழை கொட்டியது. தண்ணீர் புதுப் படிகளில் பாதி வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. சம்பந்தியம்மாள் நேரில் வந்து சமையலறை வரை நடந்து பார்த்து, காவ்யாவை விட்டுவிட்டுப் போனாள். தையில் பெண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டில் யாரும் தூளி கட்டவில்லை. குழந்தை சிணுங்கினால் மேற்கு ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். காற்று வருகிறது, வீடு ஆடுகிறது, குழந்தை தூங்கிவிடுகிறது.