மூடிக்குள் ஒரு கீறல்

வாட்சின் பின்மூடி அசைய மறுத்தது. வாட்ச்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை இன்னொரு முறை திருக, இன்ஸ்பெக்டர் கடையின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் சார். மூணு மணிக்குள்ள இவளைக் கோர்ட்டுல நிறுத்தணும்."

மேஜைக்கு எதிரே, பெண் போலீஸின் பிடியில் நின்றாள் நர்ஸ். காண்ட்ராக்டரின் கால் முறிந்து படுத்த மனைவியை எட்டு மாதமாக வீட்டோடு இருந்து கவனித்துக்கொண்டவள். அலமாரியிலிருந்த விலையுயர்ந்த வாட்சை எடுத்துக்கொண்டு அதே மாதிரி போலியை வைத்துவிட்டாள் என்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டரின் புகார். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்சாம். விற்கக் கொண்டுபோன கடையில் சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தச் சிரிப்புதான் இப்போது இவள் தலையில் விடிந்திருந்தது.

ஒரு தடவை ஜெயிலுக்குப் போனால் போதும். அப்புறம் எந்த வீட்டில் நம்பி உள்ளே விடுவார்கள்?

"பத்து வருஷமா எங்களுக்கு இவர்தான் பாத்துச் சொல்றார்," என்றார் இன்ஸ்பெக்டர். "காதுல வச்சே கண்டுபிடிச்சிடுவார்."

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே," என்றார் காண்ட்ராக்டர்.

"வாட்ச் மூஞ்சியா, என் மூஞ்சியா சார்?"

தன் துணிச்சல் நர்ஸுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெண் போலீஸ் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

டக். மூடி கழன்றது.

வாட்ச்காரர் லென்ஸைக் கண்ணில் செருகினார். "திருகாணித் தலையெல்லாம் பிசிறு. தகட்டுல மெருகு இல்ல, வெறும் பூச்சு. போலிதான்."

காண்ட்ராக்டர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இருங்க."

மூடியின் உட்புறத்தை விளக்கடியில் சாய்த்த வாட்ச்காரர் அப்படியே நின்றுபோனார். லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது. எடுக்கவும் தோன்றவில்லை அவருக்கு.

"என்ன சார், பேய் கீய் இருக்கா உள்ள?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கீறல்," என்றார் வாட்ச்காரர். "எங்க தொழில்ல எந்த வாட்சைத் திறந்தாலும் மூடிக்குள்ள ஊசியால தேதியும் ஒரு அடையாளமும் கீறி வைப்போம். ஆளுக்கு ஒரு அடையாளம். யோசிச்சுச் செய்யறதில்ல, கை தானாப் போயிடும். இதுல இருக்கறது பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி."

தேதியைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் திரும்பினார். "உங்க கல்யாணம் எப்போ?"

"அதுக்கு... அடுத்த வாரம்." காண்ட்ராக்டருக்கு நாக்கு குழறியது. மறுநொடியே சமாளித்துக்கொண்டார். "அதனால என்ன? எங்கேயாவது பழைய போலியா பாத்து வாங்கி வச்சிருப்பா. எங்க மாமனார் கொடுத்தது இதுதான்னு யார் சொல்றது? அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு."

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "கீறினவனே வந்து சொன்னாத்தான் உண்டு. மூணு மணிக்குள்ள அவனை எங்க போய்த் தேடறது? கிளம்பும்மா."

நர்ஸ் வாட்ச்காரரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை. மூடியை உள்ளங்கையால் பொத்திவைத்திருந்தார். ஏதோ தெரிந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு. ஏன் வாயைத் திறக்கவில்லை?

வாசல்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணை விடுங்க." பின்னாலிருந்து வந்த குரல் வாட்ச்காரருடையது மாதிரியே இல்லை. "இது இவரோட மாமனார் வாங்கினதுதான். மாப்பிள்ளைக்குப் போடணும், நல்லதா குடுங்கன்னு இதோ இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்து கேட்டார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "உங்ககிட்டயா?"

"என்கிட்டதான். கீறினதும் நான்தான். அசல்னு சொல்லிக் குடுத்தேன்."

"சரி, அப்போ தொழிலுக்குப் புதுசு. நீங்களும் ஏமாந்துட்டீங்க. அவ்வளவுதானே?"

வாட்ச்காரர் முதல்முறையாக நர்ஸின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"இல்ல சார். போலின்னு தெரிஞ்சேதான் வித்தேன்."