வெள்ளிக்கிழமை ஜெஸ்பினின் முறை

ஜேசுதாஸ் படுத்திருந்த மருத்துவமனை அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருப்பதை, அறுவை சிகிச்சைக்கு மறுநாள் நாராயணபெருமாள் கண்டார். கோடுபோட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். பதினான்கு நாட்கள், ஒவ்வொரு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று மூன்று பெயர்கள். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. பக்கத்தில் போய் நின்று இரண்டு முறை வாசித்தார். அவருடைய பெயர் எங்கும் இல்லை.

"இது யாரு எழுதினது?"

"ஜெயபாய் அக்கா. சபையில பெண்கள் ஐக்கியத்துக்க செயலாளர்," என்றார் ஜேசுதாஸ். "பைஸ்டாண்டர் லிஸ்ட், கூட இருக்கதுக்கு. நான் ஒண்ணும் கேக்கல்ல மக்கா. அவியளே போட்டாச்சு."

"நீ அந்தச் சபைய விட்டு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சேலே."

"அத அவியகிட்ட சொல்லிப் பாரு."

உயிர்த்தெழுதலைத் தம்மால் நம்ப முடியவில்லை என்று சபைக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டு வெளியேறியவர் ஜேசுதாஸ். அஞ்சுகிராமத்தில் ஓர் அய்யாவழிக் குடும்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் நெற்றியில் நாமம் இடுவதை நிறுத்தியவர் நாராயணபெருமாள். இருவரும் சேர்ந்து தொடங்கிய பகுத்தறிவுச் சிந்தனை வட்டம், குழித்துறையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் பத்தொன்பது ஆண்டுகளாக, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தவறாமல் கூடிவந்தது. சென்ற வாரம் புதுக்கடை சந்திப்பில் ஸ்கூட்டர் சறுக்கி ஜேசுதாஸின் இடுப்பெலும்பு முறிந்தது. மனைவி இல்லை. மஸ்கட்டில் செவிலியராக இருக்கும் மகள் ஜினிஷாவுக்கு விடுப்புக் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தைத்தான் யாரோ தம்மைக் கேளாமல் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று நாராயணபெருமாளுக்குத் தோன்றியது.

ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: நம் நண்பருக்கு நாமே துணையிருப்போம், அவரவருக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள். குழுவில் அவர்கள் இருவரையும் தவிர பதினொரு பேர். மூன்று நாட்களில் அறுபத்துநான்கு பதிவுகள் வந்தன. யாருமே மறுக்கவில்லை என்பதுதான் கொடுமை. முறைவைத்து நோயாளியின் அருகில் அமர்வது சடங்கின் எச்சமா என்று சுயம்புராஜ் நீண்ட குறிப்பொன்றை எழுதினார். பயிற்சிபெற்ற செவிலியரை அமர்த்துவதே அறிவுக்கு உகந்தது என்றார் பகவதியப்பன். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத் தீர்மானம் உருவாயிற்று. அனைவரும் கட்டைவிரல் உயர்த்தி அதை ஏற்றார்கள். நேரம் சொன்னவர் நாராயணபெருமாள் மட்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் மறுபடி போனபோது முறை மாறும் நேரம். ஜெயபாய் எழுந்துகொண்டிருந்தார். சபைக்குப் பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஜெஸ்பின் உள்ளே வந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தம்பி, வாறவங்ககிட்ட சொல்லு," என்றார் ஜெயபாய், ஜேசுதாஸிடம். "மஞ்ச மாத்திர கஞ்சிக்குப் பிறவாக்கும்."

"அண்ணா, போறவங்ககிட்ட சொல்லுங்க," என்றாள் ஜெஸ்பின், அதே ஜேசுதாஸிடம். "எனக்கும் வாசிக்கத் தெரியும்."

"ரெண்டு பேரு சொன்னதும் ரெண்டு பேருக்கும் கேட்டாச்சு," என்றார் ஜேசுதாஸ்.

நாராயணபெருமாள் லிப்டுவரை ஜெயபாயின் பின்னாலேயே போனார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே சபைதானே?"

"சபை ஒண்ணுதான் சாரே. சபைத் தேர்தல்ல எனக்க மகனுக்கு எதிரா அவளுக்க மாப்பிள நின்னாரு. தோத்தப்பிறவு கேஸும் குடுத்தாரு. போதாததுக்கு இவ போன வருஷம் ஆரும் அறியாம பெந்தெகொஸ்தே சபைல போய் தண்ணில முங்கிட்டு வந்திருக்கா. நாங்க குழந்தைல வாங்கின ஞானஸ்நானம் செல்லாதாம்."

"அப்போ விசுவாசமும் ஒண்ணு இல்ல."

"எங்க ஒண்ணு? அவ விசுவாசம் எனக்குப் பிடிக்காது, எனக்க விசுவாசம் அவளுக்கும் பிடிக்காது."

"பின்ன அவ ஏன் வாறா?"

ஜெயபாய் அவரைக் கணக்கு ஏறாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் அவளுக்க முறையில்லியா?"

"ஜேசுதாஸுக்கு நம்பிக்கையே இல்லையே."

"அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். சபைப் பதிவேட்டுல அவருக்க பேர நாங்க வெட்டல்ல."

லிப்டு கீழே போன பிறகும் நாராயணபெருமாள் அங்கேயே நின்றார். இவர்களை ஒரே நம்பிக்கை பிணைக்கிறது என்றால், அந்த நம்பிக்கையை விட்டவனுக்கு அந்தப் பிணைப்பும் இல்லை என்பது நியாயமான விலை. அப்படித்தான் இத்தனை ஆண்டும் அவர் தம்மைத் தேற்றிவந்திருந்தார். ஆனால் நம்பிக்கையிலும் ஒத்துப்போகாத இரண்டு பெண்கள் ஒரே நாற்காலியில் மாறிமாறி வந்து உட்காருகிறார்கள். எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற பதினொரு பேரில் ஒருவருக்கும் பஸ் ஏறத் தோன்றவில்லை. தேற்றிக்கொள்ள இருந்த காரணம் போய்விட்டது. பொறாமை மட்டும் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். சாப்பாட்டுத் தூக்குடன் லிப்டிலிருந்து ஜெஸ்பின் வெளியே வந்தபோது எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர் இன்னைக்கு ஒரு ஆளு போதும்னு சொல்லிட்டாரு. நான் இருந்துக்கிடுதேன்."

இவ்வளவு எளிதாகப் பொய் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஜெஸ்பின் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, "மீன்ல முள்ளு பாத்துக் குடுங்க," என்று சொல்லித் திரும்பினாள்.

அந்த மதியம் அவருக்கு உள்ளூர ஒரு வெற்றிக் களிப்பு. முள் பார்த்து ஊட்டினார். தலையணையை ஏற்றி வைத்தார். பேசினார்கள். அற்புதங்கள், ஜெபத்தால் தீர்ந்த நோய்கள், சுயம்புராஜின் குறிப்பு எல்லாம் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துபோயின. மின்விசிறியின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"மறுத்துப் பேச ஆளில்லாம பேச்சு ஓடமாட்டேங்குதே," என்று ஜேசுதாஸ் சிரித்தார். "ஜெஸ்பின் இன்னைக்கு வரல்லியா?"

"அவிய வாறது உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"நான் வாறது?"

"லே, என்ன புதுப்பொண்டாட்டி மாதிரி கேக்க?"

"சொல்லு."

ஜேசுதாஸ் விட்டத்தைப் பார்த்தார். "நீ வந்தா நான் யோசிக்கணும் மக்கா. அவிய வந்தா உறங்கலாம்."

நான்கு மணிக்குச் செவிலியர் வந்தார். இன்று நோயாளியை முதன்முதலாக நடைக்கூடத்தில் நடத்த வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும். "ரெண்டு பேரு வேணும். கூட ஆரு இருக்கா?"

நாராயணபெருமாள் வெளியே போய் சுயம்புராஜைப் போனில் அழைத்தார். அடுத்த வாரம் கண்டிப்பாக வருவதாக அவர் சொன்னார். பகவதியப்பன் எடுக்கவில்லை. செவிலியர் தலையை நீட்டி, "அந்தத் தையல்கார அக்கா கீழதானே இருக்கு? கூப்பிடுங்க," என்றார்.

கீழே வரவேற்பறையின் இரும்பு நாற்காலியில் ஜெஸ்பின் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போகல்லியா?"

"ஆறு மணிவரைக்கும் எனக்க முறை. வீட்டுல போய் என்ன செய்ய?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லல்ல," என்றார் நாராயணபெருமாள். "நானா சொன்னது."

"தெரியும் சாரே. டாக்டர் இன்னைக்கு லீவு." அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "எனக்க அம்மைக்குச் சீக்கு வந்தப்ப கட்டிலுக்குப் பக்கத்துல தங்கச்சியக்கூட நான் அண்டவிடல்ல. உங்களுக்கும் அப்பிடி இருக்கும்னு நினச்சேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் அவரால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். இப்போது இந்தப் பெருந்தன்மையையும் அவள் பக்கக் கணக்கில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. லிப்டின் பொத்தானை அழுத்தினார்.

ஜேசுதாஸை எழுப்பி நிறுத்தினார்கள். வலப்பக்கம் நாராயணபெருமாள், இடப்பக்கம் ஜெஸ்பின். முதல் அடியில் ஜேசுதாஸ் முனகினார். இரண்டாவதில் மூச்சை இழுத்துப் பிடித்தார். முறிந்தது வலப்பக்க எலும்பு. பாரம் இடப்பக்கம் போவதுதான் இயல்பு. இருபத்தேழு ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்தும் நாராயணபெருமாளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஜெஸ்பினின் தோள் தாழ்ந்து தாழ்ந்து நிமிர்வதையே பார்த்துக்கொண்டு நடந்தார். அவருடைய கைக்கு வந்த பாரம் ஒரு சட்டையின் எடைதான் இருந்தது.

"கொஞ்சம் எனக்க பக்கமும் சாஞ்சுக்கோயேன் மக்கா," என்றார்.

"சாஞ்சுதாம்லே இருக்கேன்," என்றார் ஜேசுதாஸ்.

நாராயணபெருமாள் தம் தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.